கட்டத்துணியும் உடைக்காத சோடாவும்

என் கடைக்குள் நுழைந்தால் அவர் துணியையும் பார்க்கமாட்டார், மெஷினையும் பார்க்கமாட்டார். கதிரையில் புதிதாக யாராவது இருக்கிறார்களா என்றுதான் கண் போகும். இருந்தால் அன்றைக்கு அவருக்குக் கொண்டாட்டம். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?" என்று தொடங்குவார். ஊர்ப் பெயரைச் சொன்னால் காணாது. ஊரில் கிழக்கா மேற்கா, எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எந்தக் கோயில், அந்தக் கோயிலில் எத்தனையாம் திருவிழா உங்களுடையது, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் போனீர்கள், பெரியப்பா எங்கே சம்பந்தம் செய்தவர், எல்லாம் கேட்பார். இவ்வளவு கேள்வியிலும் சாதி என்ற சொல் மட்டும் வராது. அந்தச் சொல்லை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு நாகரிகமான மனிதர்.

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவருக்கு விசாரணையர் என்று பட்டம். முகத்துக்கு நேரே எல்லோரும் அண்ணை என்பார்கள், நானும் அப்படித்தான். அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் உடனே நாலு பேர், ஆர் அவர், எந்தப் பக்கம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வியாதி அவரோடு போகட்டும்.

இந்த மனிதர்தான் ஒருநாள், முழங்கால் தெரியக் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு சபை நடுவே நின்றார். ஸ்கொட்லாந்து ஆண்கள் கல்யாணம் கச்சேரிக்குக் கட்டுகிற கில்ட். அவருக்கு இடுப்பளவு எடுத்தவள் நான். மடிப்பு மடித்துத் தைத்தவளும் நான். நான் தைப்பது சேலை பிளவுசும் பாவாடையும் சின்னப் பிள்ளைகளின் சட்டையும். என் தொழில் வாழ்க்கையில் ஓர் ஆம்பிளைக்குப் பாவாடை தைத்தது அந்த ஒரு தடவைதான். அதைத் தைக்கும்போது நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு நோகிறது. பிறகு நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை.

முதலில் தேத்தண்ணிக் கதையைச் சொல்லவேண்டும். விசாரித்து முடித்த பிறகு தன்னுடைய தீர்ப்பை அவர் வாயால் சொல்லமாட்டார். தேத்தண்ணியால் சொல்லுவார். ஆட்கள் சரி என்று பட்டால் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பார், பலகாரம் சாப்பிடுவார், இன்னும் கொஞ்சம் கொண்டுவாங்கோ என்று உரிமையோடு கேட்பார். சரியில்லை என்று பட்டால், தேத்தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளாது, சோடா இருந்தால் ஒன்று தாருங்கள், உடைக்கவேண்டாம் என்பார். ரின்னில் வருகிற, தகர டப்பாச் சோடா. வாங்கித் தன் கைலேஞ்சியால் துடைத்து, தானே உடைத்து, கிளாஸில் ஊற்றாமல் ரின்னிலேயே வாய் வைத்துக் குடிப்பார். அந்த வீட்டுப் பாத்திரம் உதட்டில் படக்கூடாது. ஊரில் இவருடைய ஆட்கள் போத்தல் சோடாவை வைத்து நடத்திய அதே கூத்தை, இவர் பிளேனில் ஏற்றிக் கொண்டுவந்து பாரிசில் நடத்தினார். அவர் சோடா கேட்ட வீட்டைப் பற்றி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் லா சப்பல் முழுக்கத் தெரிந்துவிடும்.

இவ்வளவு சுத்தக்காரர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ஒப்பெரா பக்கம் ஒரு பெரிய ரெஸ்ரோரண்டில் புளோஞ். தட்டுக் கழுவுகிற வேலையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். வந்த நாளில் இருந்து பென்ஷன் எடுக்கும்வரைக்கும், ஊர் பேர் தெரியாத சனம் கடித்து மிச்சம் வைத்த எலும்பைக் கையால் வழித்து வாளிக்குள் போட்டுக்கொண்டு இருந்தவர். புளோஞ் செய்ததில் ஒரு குறையும் இல்லை. நானும் வந்த புதிதில் ஹோட்டல் கக்கூஸ் கழுவினவள்தான். ஆனால் ஊர் உலகத்து எச்சிலை எல்லாம் கழுவின கை, என்னுடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தொடக் கூசுகிறதென்றால், அந்தக் கையை நான் என்னவென்று சொல்ல?

ஓம், என்னுடைய கோப்பையும்தான். சில வருடங்கள் நான் தப்பியிருந்தேன். என்னை விசாரித்தபோது நான் சொன்ன ஒழுங்கையை அவர் வேறோர் ஒழுங்கை என்று பிழையாக விளங்கிக்கொண்டார். நானும் திருத்தவில்லை, எனக்கென்ன வந்தது? தங்கச்சி தங்கச்சி என்று வருவார், ரெண்டு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பார், நல்ல சாயம் என்று பாராட்டுவார். பிறகு ஒரு கோடையில் லண்டனுக்கு ஒரு பூப்புனித நீராட்டுக்குப் போனவர், அங்கே என்னுடைய ஊர்க்காரர் யாரையோ பிடித்துக் கதைத்திருக்கிறார். திரும்பி வந்த அன்று நான் வழமைபோலத் தேத்தண்ணி போட்டு வைத்தேன். அவர் கோப்பையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "வேண்டாம் பிள்ளை, வயிறு சரியில்லை. நீர் ஒரு சோடா எடுப்பியும்" என்றார். தங்கச்சி பிள்ளையாகி, நீங்கள் நீர் ஆகி, தேத்தண்ணி சோடா ஆகிவிட்டது. அந்தத் தேத்தண்ணியை நானே எடுத்துக் குடித்தேன். எனக்குச் சீனி கூடிப்போயிருந்தது.

நாங்கள் எந்த ஆட்கள் என்று இதை வாசிக்கிற உங்களுக்கும் இப்போது அறிய ஆசை வந்திருக்கும். வந்திருந்தால் வெட்கப்படுங்கள். நான் சொல்லப்போவதில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். அவருக்கு நல்ல பிரெஞ்சு வரும். காகிதப் பிரச்சினை என்று யார் கேட்டாலும் விடியவே எழும்பி, பிரெபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோர் வரிசையில் கூட நின்று மொழிபெயர்ப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். வரிசை நீளம், நேரம் போகாது, விசாரணையை அங்கேயே முடித்துவிடுவார். அவருக்கு அது போதும்.

2009இல் சண்டை முடிந்து, அடுத்த வருடம் வன்னியில் இருந்து ஒரு பெண் எப்படியோ இங்கே வந்து சேர்ந்தாள். புருஷனையும் மூத்த பிள்ளையையும் அங்கே மண்ணில் விட்டுவிட்டு வந்தவள். என் கடையில் இருந்து சேலைக்குக் கரை அடித்துத் தருவாள். பேசமாட்டாள், குனிந்த தலை நிமிரமாட்டாள். அவளையாவது விட்டாரா? கதிரையை இழுத்துப் போட்டார்.

"பிள்ளை ஊரிலை எந்தப் பக்கம்?"

"கடைசியா மாத்தளன் ஐயா. பிறகு வலைஞர்மடம். பிறகு முள்ளிவாய்க்கால். பிறகு முகாம்."

"அதில்லைப் பிள்ளை. அதுக்கு முதல். சொந்த இடம்."

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள். அவர் என்னிடம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினார். சொல்லவில்லை என்றாலே விளங்கும்தானே என்று அதற்கு அர்த்தம். எனக்குக் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மேசையில் வைத்துவிட்டேன்.

ஏன் இந்த மனிதரைக் கடையை விட்டுத் துரத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய மகளுக்காகத்தான். ஒரே பிள்ளை, இங்கே பிறந்தவள். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே தாய் செத்துப்போனாள். தகப்பன் வேலைக்குப் போனால் அவள் என் கடைக்கு வந்து, துணி மூட்டைக்கு மேலே இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். அவளுடைய முதல் பாவாடை தாவணியில் இருந்து எல்லாம் என் தையல். என்னோடு தமிழில் கதைப்பாள், தகப்பனோடு கோபம் வந்தால் பிரெஞ்சில் கதைப்பாள். ஆகவே தகப்பனோடு பெரும்பாலும் பிரெஞ்சுதான்.

அவள் படித்து வேலைக்குப் போனபிறகு பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெடியனை விரும்பினாள். மின்சார வேலை செய்கிற, தாயைத் தாங்குகிற பெடியன். அந்தத் தாயையும் எனக்குத் தெரியும், என்னிடம்தான் பிளவுஸ் தைப்பாள். வந்து கதைக்கிறேன் என்று விசாரணையர் மகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அந்தத் தாய் காலையில் இருந்து வடை சுட்டு, நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவி, தேத்தண்ணியைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். இவர் இருந்த இடத்தில் இருந்து நாலு கேள்வி கேட்டார். பிறகு, தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாது, ஒரு சோடா, உடைக்கவேண்டாம் என்றார்.

வீட்டில் சோடா இல்லை. பெடியன் ஏழாம் மாடியில் இருந்து இறங்கி ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தான். அதற்கிடையில் தாய் தட்டத்தைத் திருப்பிக் குசினிக்குள் கொண்டுபோய்விட்டாள். கோப்பைகள் ஒன்றோடொன்று அடிபட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது என்று மகள் என்னிடம் சொன்னாள். பெடியன் வந்து தாயின் முகத்தைப் பார்த்தான். ரின்னை மேசையில் வைத்தான். இனி அந்தப் பிள்ளையோடு கதைக்காதே என்று தாய் அன்று இரவே அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கெஞ்சி நிற்கிற சனம் இல்லை அவர்கள்.

மகள் உடுப்பெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, இன்னொரு புறநகரான ஓல்னே-சூ-புவாவுக்குத் தனியாகப் போய்விட்டாள். அதன்பிறகு தகப்பனோடு பேச்சு இல்லை. என் கடைக்கு மட்டும் வருவாள். அது தெரிந்துதான் அவரும் சோடா குடிக்கிற சாட்டில் என் கடையில் வந்து இருப்பார், கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பார். மனைவி போய்விட்டாள், வேலை முடிந்துவிட்டது, வீட்டில் இவரும் டிவியும்தான். இந்த உலகத்தில் அவருக்கு என்று மிஞ்சியிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் நிற்காது.

ரெண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள், கூட ஓர் உயர்ந்த சிவந்த பெடியன். ஸ்கொட்லாந்துக்காரன், இங்கே இங்கிலீஷ் படிப்பிக்கிறான். கல்யாணம் என்றாள். தகப்பனும் அப்போது கடையில்தான் இருந்தார். அவள் பிளவுஸ் அளவு கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றபடியே, அவரைப் பாராமல் கண்ணாடியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் கலியாணத்துக்கு வரலாம். ஆனால் அவையளிட்டை ஒரு கேள்வியும் கேக்கக்கூடாது. இடம், வேலை, தாத்தா ஆர், ஒண்டும் கேக்கக்கூடாது. கேட்டால் எனக்கு அப்பா இல்லை."

"ஓம்" என்றார். அந்த ஓமில் மூச்சுக்கூடக் கலங்கியிருந்தது, நான் பொய் சொல்லக்கூடாது. அவள் போன பிறகு என்னிடம், வெள்ளைக்கு அதெல்லாம் இல்லைத்தானே பிள்ளை, வெள்ளை எண்டால் வெள்ளை, கேக்க என்ன இருக்குது என்றார். முகம் தெளிந்து, ஒரு சோடாவும் கேட்டார்.

அந்தத் தெளிவு கில்ட் வரும்வரைக்கும்தான். மாப்பிள்ளை நல்ல எண்ணத்தோடு ஒரு கதை சொன்னான். எங்கள் கல்யாணத்தில் ஆண்கள் கில்ட் கட்டுவோம், மாமாவும் விருப்பம் என்றால் கட்டலாம், அந்தக் கட்டத்துணிக்கு டார்ட்டன் என்று பெயர், பழைய குடும்பங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது என்றான். நான் விசாரணையரின் முகத்தைப் பார்த்தேன். பசித்தவன் கறி மணத்தைப் பிடித்த முகம்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் தாய் துணி மாதிரிகளை ஒரு பார்சலாக அனுப்பிவைத்தாள், உள்ளங்கை அளவில் சின்னத் துண்டுகள். நாங்கள் கட்டப்போவது இந்தச் சாம்பல் நீலம், நீங்களும் இதையே கட்டினால் ரெண்டு குடும்பமும் ஒன்றாகத் தெரியும், இல்லை என்றால் கண்ணுக்குப் பிடித்த நிறத்தை எடுங்கள், துணி எங்களுடைய அன்பளிப்பு என்று எழுதியிருந்தாள். அவர் அந்தத் துண்டுகளை என்னுடைய வெட்டுமேசையில் பரப்பி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"எது பெரிய ஆக்கள்ற?"

"அண்ணை, அவ நிறத்தைப் பாத்து எடுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கிறா."

"நிறத்தைப் பாத்து எடுக்க இது என்ன யன்னல் சீலையே? ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலையும் ஒரு குடும்பம் இருக்குது பிள்ளை. எங்களைப் போலத்தான். நல்ல சனம்."

எனக்கு அப்போதுதான் ஓடி வெளித்தது. மனிதரிடம்தானே கேட்கக்கூடாது, துணியிடம் கேட்கலாம். இவருக்கு வாய்த்த துணியைப் பாருங்கள். கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு தூரத்து உறவுக்காரருக்கு உடனே போன் போட்டார், சத்தமாக வைத்தார். சிவப்பில் பச்சைக் கோடு போட்டது எவருடையது என்று கேட்டார். அது பெரிய இடம் அண்ணை, மலைப்பக்கம் கோட்டை கட்டி இருந்த ஆக்கள் என்று பதில் வந்தது. சாம்பல் நீலம்? அந்த மனிதர் சிரித்தார்.

"அது ஒருத்தற்றையும் இல்லை அண்ணை. வாடகைக் கடையிலை தொங்கிறது. குடும்பக் கட்டம் இல்லாத ஆக்கள் அதைக் கட்டுவினம். இஞ்சை ஆர் எதைக் கட்டினாலும் ஒருத்தரும் கேக்கிறேல்லை. அந்தக் காலத்திலை நெசவுக்காரங்கள் நம்பர் போட்டு வித்த துணியளுக்குப் பிறகுதானே கனக்கப் பேர் வைச்சது."

இவ்வளவில் விசாரணையர் கேட்டது ஒரு வசனம்தான். குடும்பக் கட்டம் இல்லாத ஆக்கள். போனை வைத்துவிட்டு நெடுநேரம் அந்தச் சாம்பல் நீலத் துண்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார், தேய்த்தால் உள்ளே இருக்கிறது வெளியே வந்துவிடும்போல.

மூன்று நாள் கழித்துக் கடைக்குள் வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. மேசையில் கையை ஊன்றி, குரலை இறக்கினார்.

"பிள்ளை, வெள்ளையிலையும் இருக்குது."

"என்ன இருக்குது?"

"உடுப்பு வெளுக்கிற ஆக்கள்."

நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் தாய்க்கு நேராகப் போன் எடுத்து, தன்னுடைய கல்லூரி இங்கிலீஷில், உங்களுடைய குடும்பத்துக்கு மரியாதை செய்ய விரும்புகிறேன், உங்கள் குடும்பக் கட்டத்தை அணிய ஆசை என்று குழைந்திருக்கிறார். அந்த மனுசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்குக் கட்டமும் கிடையாது கோட்டையும் கிடையாது, என்னுடைய அப்பா துறைமுகப் பக்கம் லோன்றி வைத்திருந்தார், நான் சின்ன வயதில் ஹோட்டல்காரரின் படுக்கை விரிப்பெல்லாம் அயர்ன் பண்ணிக் கொடுத்து வளர்ந்தவள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

மகள் கேள்வி கேட்கவேண்டாம் என்றவள் அல்லவா என்று கேட்டேன். நான் கேள்வி கேட்கவில்லை, மரியாதைக்குக் கதைத்தேன், அவவாகச் சொன்னவ என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் ஆயுசு முழுக்கக் கழுவின தட்டு என்ன கணக்கு என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது உத்தியோகம். இது பிறப்பு."

சிவப்புத் துணியையே எடுத்தார். அவர்களுடைய கட்டமும் என்னுடைய கட்டமும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதையும் யாருடைய அன்பளிப்பில் எடுத்தார்? அந்த லோன்றிக்காரியின் அன்பளிப்பில்தான். அதற்கு மட்டும் தீட்டு இல்லை.

கில்ட் என்றால் லேசான தையல் இல்லை. எட்டு யார் கம்பளித் துணி, பின்பக்கம் முழுக்க மடிப்பு, மடித்த பிறகும் கட்டம் உடையாமல் தெரியவேண்டும். நான் திணறியபோது எனக்குக் கை கொடுத்தது மாப்பிள்ளையின் தாய்தான். மடிப்பை முதலில் வெள்ளை நூலால் ஓட்டித் தைக்கவேண்டும், ஈரத்துணி போட்டு அயர்ன் வைக்கவேண்டும், அயர்னை இழுக்கக்கூடாது, தூக்கித் தூக்கி வைக்கவேண்டும் என்று வீடியோ எடுத்து அனுப்பினாள். மகள் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லுவாள். சிவந்த, தடித்த, நெருப்புப்பட்ட கை. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போன கை. அந்தக் கை சொல்லித்தந்த மடிப்பைத்தான் விசாரணையர் இடுப்பில் கட்டினார்.

கல்யாணம் மேரி என்கிற நகரசபையில் பதிந்து, சாப்பாடு கால்வாய்க்கரையில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை பக்கத்து ஆண்கள் ஏழெட்டுப் பேர், ஒருவர் கட்டினதுபோல மற்றவர் கட்டவில்லை, பாதி வாடகை, ஒருவருக்கும் கவலை இல்லை. நம்மவர் மட்டும் சிவப்புக் கில்ட்டில், கோயில் மணியகாரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியே நின்றார். வடிவாகத்தான் இருந்தார், என் தையல்தானே. நான் மாப்பிள்ளையின் தாய்க்குச் சேலை கட்டிவிட்டு அவளோடு ஒரே மேசையில் இருந்தேன்.

சாப்பாடு தொடங்கமுதல் மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பினார். கையில் ரெண்டு பக்கமும் காது வைத்த ஒரு வெள்ளிக் கிண்ணம், உள்ளே விஸ்கி. எங்கள் வழக்கம் இது, ரெண்டு குடும்பமும் ஒரே கிண்ணத்தில் குடித்தால் ஒரே குடும்பம் என்றார். அவர் ஒரு வாய் குடித்தார், தாய் குடித்தாள், மாப்பிள்ளை குடித்தான், மகள் குடித்தாள். மகள் கிண்ணத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டுபோய்த் தகப்பனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். மண்டபம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விஸ்கி தொடாத மனிதர் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கிளாஸ் பெரியது. குடி, குடித்துத் தொலை, உன்னுடைய பிள்ளைக்காக ஒரு வாய் என்று மனதுக்குள் மன்றாடினேன், அந்த மனிதருக்காக நான் மன்றாடியது அந்த ஒருமுறைதான். கிண்ணம் வாய்க்குக் கிட்டப் போனது. விளிம்பைப் பார்த்தார். அவளுடைய உதட்டுச்சாயம் அதில் இருந்தது, அந்த லோன்றிக்காரியினது. கிண்ணம் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, நல்ல பிரெஞ்சில், மெதுவாக, தனக்கு ஒரு சோடா வேண்டும் என்றார். ரின்னில். உடைக்காமல்.

மாப்பிள்ளையின் தாய் பதறிப்போனாள். ஐயோ, அவர் குடிக்கிறவர் இல்லையா, எனக்குத் தெரியாமல் போய்விட்டதே, மன்னியுங்கள் என்று எழும்பினாள். அவளுக்கு அவ்வளவுதான் விளங்கியது. அந்த மண்டபத்தில் விளங்கினது மூன்று பேருக்கு. அவருக்கு, எனக்கு, மகளுக்கு.

மகள் அழவில்லை. சோடா வந்தது, அதைப் பரிமாறுகிறவனிடம் இருந்து தானே வாங்கித் தகப்பனுக்கு முன்னால் வைத்தாள். "குடியுங்கோ அப்பா" என்றாள். அவர் கையில் இருந்த கிண்ணத்தை எடுத்து, அவருடைய பங்கையும் தானே குடித்துவிட்டு, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடப்போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் லா சப்பலில் அந்தச் சிவப்புக் கில்ட் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, சம்பந்தி பகுதி கோட்டை கட்டி இருந்த ஆக்கள் என்று கடைகடையாகக் காட்டித் திரிந்தார். என்னிடமும் காட்டினார். வெட்கம் என்று ஒரு சாமான் அவருக்குப் பிறக்கும்போதே வைக்கவில்லை.

மகள் அவரை ஒதுக்கவில்லை. அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஓல்னேக்கு வரச்சொல்லுவாள், போவார். சண்டை இல்லை, குத்துக்கதை இல்லை. போகமுதல் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவார். மகள் வீட்டுக்குப் போகிற மனிதர் ஏன் கடையில் சாப்பிடுகிறார் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் சட்டை தைத்துக்கொண்டு நானும் போனபோதுதான் கண்டேன்.

மேசை நிறையச் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மீன். மாப்பிள்ளையின் தாயும் வந்திருந்தாள், கையால் குழைத்துச் சாப்பிட்டாள். எல்லோருக்கும் தட்டு வந்தது. அவருக்கு முன்னால் ஒரு சோடா ரின். உடைக்காதது. தட்டு இல்லை, கிளாஸும் இல்லை. அவர் கறிச் சட்டியைப் பார்த்து, வாசம் தூக்குது என்றார். ஓம் அப்பா என்றாள் மகள், அவ்வளவுதான். கல்யாண நாளில் இருந்து அந்த வீட்டில் அவருக்கு அது ஒன்றுதான் வைக்கப்படுகிறது. கேள்வியிலேயே சீவித்த மனிதருக்கு, எனக்கும் கொஞ்சம் போடன் பிள்ளை என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அன்றைக்கு ஏன் குடிக்கவில்லை என்று சொல்லவேண்டும்.

விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று தாகத்தில் ஓடிவந்து அந்த ரின்னில் கையை வைத்தது. பேத்தி பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாள். அவள் தாத்தாவைப் பிரெஞ்சுப் பிள்ளைகள்போல பாப்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"அது பாப்பியின்ர. ஒருத்தரும் தொடக்கூடாது. அம்மா சொன்னவ."

சொல்லிவிட்டு ரின்னைத் தன் புதுச்சட்டையில் துடைத்து, அன்பாக அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை உடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. பிறகு கார்ஜில் அந்தத் தாய் தட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோனது நினைவுக்கு வந்தது, வந்த இரக்கம் போய்விட்டது.

மகள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நல்ல சாயம், சீனி அளவு. நான் அவருக்கு நேர் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஊதி ஊதி, அடிச்சொட்டு வரைக்கும் குடித்தேன்.